சிவப்பு ஜக்கெற்

சிவப்பு சுலோசனாவுக்கு எடுப்பாக இருக்கும் என்று சொன்னது தேவி மச்சாள்தான். சொன்னதோடு நிற்காமல் தானே கடைக்குப் போய், கண்ணாலேயே அளவு பார்த்து பிளவுஸுக்கு மேலே கோட் மாதிரிப் போடுகிற ஒரு ஜக்கெற் வாங்கி, கசங்காமல் உறைக்குள் தொங்கவிட்டபடி வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுத்தும் விட்டாள். அநியாயம் என்னவென்றால், அது அப்படியே பொருந்தியது. கக்கத்தில் கொஞ்சம் பிடித்திருந்தால், கை கொஞ்சம் நீண்டிருந்தால், ஒரு சாக்குச் சொல்லித் திருப்பிக் கொடுத்திருக்கலாம். இப்போது அதைப் போட்டுக்கொண்டு ஸ்காபரோவில் ஒரு பிளாசாவுக்குள், சேலைக்கடைக்கும் இடியப்பக் கடைக்கும் நடுவிலுள்ள ஜெயம் ஸ்ரூடியோவின் வாங்கில் உட்கார்ந்திருக்கிறாள். வெளியே மழை. கண்ணாடிக் கதவுக்கு அப்பால் கார்கள் நிற்கிற இடமெல்லாம் தண்ணீர் பளபளக்கிறது. உள்ளே ஒரு சாமத்தியப் பிள்ளையை, பெரியபிள்ளையானதற்குச் சேலை கட்டி, படம் எடுக்கிறார்கள். சுலோவின் முறை அதற்குப் பிறகு. அவள் எடுக்க வந்தது வீடு விற்றுக்கொடுக்கிற ஏஜென்றுகள் எல்லோரும் எடுக்கிற அந்தப் படம். பஸ் தரிப்பிட வாங்குகளில், இலவசத் தமிழ்ப் பத்திரிகைகளின் பின்பக்கத்தில், புல்வெளியில் நட்ட பலகைகளில், கையைக் கட்டிக்கொண்டு பல் தெரியச் சிரிக்கிற படம். ஏன் எல்லோரும் கையைக் கட்டுகிறார்கள்? யார் வகுத்த சட்டம் இது? கட்டாவிட்டால் கை எங்கே போய்விடும் என்று பயமா? பல் வைத்தியரின் கிளினிக்கில் வரவேற்பு மேசையில் இத்தனை ஆண்டுகள் இருந்தவளுக்கு அந்தப் படங்களில் முதலில் தெரிவது பல்லுத்தான். இவருக்கு மேல்வரிசையில் இரண்டு கட்டிய பல், அவருக்கு ஈறு இறங்கிவிட்டது, இந்த அம்மாவின் வெள்ளை கடையில் வாங்கிய வெள்ளை. சுலோவுக்கு மேலே ஒரு தெத்துப்பல். சிரித்தால் அது முந்திக்கொண்டு வந்து நிற்கும். நாக்கு இப்போதும் போய் அதைத் தொட்டுப் பார்க்கிறது, இருக்கிறதா என்று. எங்கே போகப்போகிறது, இருக்கிறது. ஸ்ரூடியோக்காரத் தம்பி ஜெயந்தன் உள்ளேயிருந்து தலையை நீட்டுகிறான். "அக்கா, எந்தக் கொம்பனி? பின்னாலை தொங்கவிடுற பின்சீலை அந்தக் கலரிலை போடவேணும்." "கொஞ்சம் பொறும் தம்பி, யோசிச்சுச் சொல்லுறன்." "இன்னுமே யோசிக்கிறியள்? சிவப்பு ஜக்கெற்றோடை வந்திருக்கிறியள்!" என்று சிரித்துவிட்டுத் தலையை இழுத்துக்கொள்கிறான். வாயில்லாத ஜக்கெற் அவளை முந்திக்கொண்டு பதில் சொல்லிவிட்டது. சுலோ அதன் மேல் பொத்தானைக் கழற்றிப் பூட்டினாள், திரும்பக் கழற்றினாள்.

வீடு விற்கிற லைசன்ஸ் என்பது பரீட்சை பாஸ் பண்ணியதும் கையில் வந்து விழுகிற சாமான் என்றுதான் வீட்டில் எல்லோரும் நினைத்தார்கள். அப்படி இல்லை. பாஸ் பண்ணினாலும் தனியே நின்று ஒரு நாய்க்கூட்டைக்கூட விற்க முடியாது. ஏதாவது ஒரு புரோக்கரேஜ், வீடு விற்கிற ஒரு கொம்பனி, தன் பெயருக்குக் கீழே இவள் பெயரையும் போட்டுக்கொள்ள வேண்டும். எந்தக் கொம்பனி என்பதைப் பொறுத்துத்தான் பலகையின் நிறம், பலகையின் நிறத்தைப் பொறுத்துத்தான் படத்தின் பின்சீலை. சிவப்பு என்றால் குலம் அண்ணை. குலசிங்கம் என்று முழுப் பெயரைச் சொன்னால் ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாது, குலம் அண்ணை என்றால் பஸ்ஸுக்கு நிற்கிற பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். அது சாய்ந்து நிற்கிற வாங்கிலேயே அவர் முகம் இருக்கிறது. தேவி மச்சாளின் கணவர். தேவி மச்சாள் சுலோவின் கணவன் மகேனுக்கு அக்கா. ஆகவே இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள், கேட்காமல் கேட்கிறார்கள். "நாளைக்குக் காலமை நல்ல நேரம் பாத்து வைச்சிருக்கிறன், பிள்ளை. வந்து கையெழுத்தை வை, தேவி கேக் வெட்டுறாளாம்," என்று அண்ணை சொல்லிவிட்டார். கேக் சொல்லியாயிற்று. அதில் இவள் பெயரை எழுதச் சொல்லியாயிற்றாம். பச்சை என்றால் ஆரணியின் கொம்பனி. மருந்துக்கடைக்கு மேல்மாடி, இரண்டு மேசை, தண்ணீர் ஊற்றாத ஒரு பூஞ்சாடி. அந்தப் பச்சையைப் பற்றி சுலோ வீட்டில் ஒருமுறைதான் சொன்னாள். மகேன் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தவன் பிய்த்துக்கொண்டேயிருந்தான். சாப்பிடவில்லை, பிய்த்தான். "உமக்கு விருப்பமானதைச் செய்யும்," என்றான். மகேன் கோபப்படுகிறவனில்லை. கோபப்பட்டால் நல்லது, திரும்பக் கோபப்படலாம். கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு வந்து, அவள் முகத்தைப் பார்க்காமல், "அத்தான் இல்லாட்டி நாங்கள் எங்கை நிண்டிருப்பம்?" என்று கேட்டான். உண்மைதான். அத்தான் இல்லாவிட்டால் அவர்கள் ஓரிடத்திலும் நின்றிருக்க மாட்டார்கள்.

உள்ளே வெளிச்சம் ஒருமுறை வெட்டி மறைகிறது. திரை கொஞ்சம் விலகியிருக்கிறது. அந்தப் பிள்ளைக்குப் பின்னால் ஒரு நீர்வீழ்ச்சி விழுகிறது, சீலையில் அச்சடித்த நீர்வீழ்ச்சி. பிள்ளை தலைநிறையப் பூவோடு குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்கிறது, கண்ணில் நித்திரை. வெளியே மழை, உள்ளே நீர்வீழ்ச்சி. மறுபடி ஒரு வெட்டு. கனடா வந்த புதிதில் ஒருநாளும் இப்படித்தான் வெளிச்சம் வெட்டி வெட்டி மறைந்தது, சிவப்பாக, ஜன்னல் உயரத்தில், நிலத்தோடு நிலமாக. குலம் அண்ணையின் முதல் வீட்டின் பேஸ்மென்ற், நிலத்துக்குக் கீழே இருக்கிற தளம். விமான நிலையத்துக்கு மகேனுக்கும் சுலோவுக்கும் குளிர்ச்சட்டையோடு அவரே வந்து, அங்கேயே போட்டுவிட்டு, காருக்குள் ஏற்றிக் கொண்டுபோய், "இது உங்கடை வீடு" என்று படியால் கீழே இறக்கிவிட்டார். அடுத்த நாளே மச்சாள் சொன்னாள், குடிபுகும்போது பால் காய்ச்ச வேண்டும், பேஸ்மென்ற் என்றாலும் வீடு வீடுதான், பால் பொங்கி வழியவேண்டும் என்று. பொங்கி வழிந்தது, அடுப்பில் கருகிப் புகைந்தது, கூரையில் இருந்த ஒரு வெள்ளை வட்டம் கத்தத் தொடங்கியது. சுலோ கையில் அகப்பையோடு கும்பிட்டாள். அது புகை கண்டால் கத்துகிற மணி என்று அப்போது தெரியாது. தீயணைப்பு வண்டி வந்தது. அந்தச் சின்ன ஜன்னலில் சிவப்பு வெளிச்சம் சுழன்றது. தொப்பி போட்ட பெரிய பெரிய வெள்ளைக்காரர்கள் குனிந்து குனிந்து படி இறங்கி, ஒரு பால் சட்டியைச் சுற்றி நின்றார்கள். குலம் அண்ணை அவர்களோடு இங்கிலீஷ் கதைத்து, தோளில் தட்டி, ஆளுக்கொரு வடை கொடுத்து அனுப்பினார். ஒருவன் வடையைக் கையில் வைத்துக்கொண்டு கடிப்பதா விடுவதா என்று யோசித்தபடி படியேறிய கோலத்தை நினைத்து எத்தனை மாதம் சிரித்தார்கள். அந்தக் குளிர்காலம் முழுக்க அந்த ஜன்னல்தான் சுலோவின் கனடா. சப்பாத்துக்கால்கள், அணில், பனி, பிறகு இன்னும் சப்பாத்துக்கால்கள். முகம் இல்லாத நாடு. வயிற்றில் தர்சினி. தர்சினி பிறந்து, அடுத்த பனிக்காலம் வந்து, பனி கரையத் தொடங்கிய ஒரு மத்தியானம் அது வந்தது. சத்தம் போட்டுக்கொண்டு வந்திருந்தால் பயந்திருக்க மாட்டாள். சுவரின் காலடியில் ஒரு ஈரம், பிறகு ஒரு பளபளப்பு, பிறகு அவளுடைய செருப்பு தானாக ஒரு அங்குலம் நகர்ந்தது. செருப்பு நகர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தாள், என்ன இது, செருப்புக்கு என்ன நடந்தது என்று. குழந்தையைத் தூக்கிக்கொண்டு கட்டிலில் ஏறி நின்றாள். நின்றுகொண்டு ஒன்றும் செய்யவில்லை. கத்தவும் தோன்றவில்லை. குலம் அண்ணை வந்தார். கால்சட்டையை முழங்கால்வரை சுருட்டிவிட்டு, அந்தக் குளிர் தண்ணீருக்குள் இறங்கி வந்து, தர்சினியை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு, "வா பிள்ளை, வா, ஒண்டுமில்லை, தண்ணிதானே" என்றார். அவர்களை மேலே விட்டுவிட்டு, சாமிப்படங்களை எடுக்க இன்னொருமுறை இறங்கினார். அந்த முழங்கால்கள் சிவந்துபோயிருந்தது சுலோவுக்கு இப்போதும் தெரிகிறது. இந்த மனிதனை எப்படி வேண்டாம் என்று சொல்வது?

வேண்டாம் என்று யார் சொன்னது, யோசிக்கிறேன் என்றுதானே சொன்னாள். அந்த வெள்ளத்துக்குப் பிறகு தண்ணீரை இறைத்தார்கள், கம்பளத்தைப் பிடுங்கினார்கள், விசிறி போட்டார்கள், சுவருக்கு வெள்ளைப் பெயின்ற் அடித்தார்கள். அடுத்த பனி கரைந்தபோது திரும்ப வந்தது. திரும்பப் பெயின்ற். சுவரில் பெயின்ற்றுக்கு உள்ளே ஒரு கோடு இருந்தது, தண்ணீர் நின்ற உயரம். பகலில் தெரியாது, மேசை விளக்கைச் சரித்து வைத்தால் தெரியும். தர்சினிக்கு இருமல் பிடித்தது அங்கேதான். இன்று யூனிவர்சிற்றிக்குப் போகிறவள், பைக்குள் அந்த மூச்சு இழுக்கிற குழாய் இல்லாமல் வீட்டை விட்டு வெளிக்கிட மாட்டாள். அதற்கு அந்தச் சுவர்தான் காரணம் என்று டொக்டர் சொல்லவில்லை. யாரும் சொல்லவில்லை. சுலோவும் வெளியே சொன்னதில்லை, மகேனிடம்கூட. சொன்னால் நன்றி கெட்ட கதையாகிவிடும். பரீட்சையில் ஒரு கேள்வி வந்தது. விற்கிற வீட்டின் பேஸ்மென்றில் தண்ணீர் வருவது ஏஜென்றுக்குத் தெரியும், வாங்குகிறவருக்குத் தெரியாது, பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாது. ஏஜென்ற் என்ன செய்யவேண்டும்? விடை சுலபம். யாரும் சொல்லுவார்கள். சுலோ புள்ளடியைப் போட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போகாமல் அப்படியே இருந்தாள், கால் இரண்டையும் கதிரைக்கு மேலே தூக்கி வைத்துக்கொண்டு. பரீட்சை மேற்பார்வை பார்த்த பெண் வந்து, உடம்புக்கு ஏதாவதா என்று கேட்டாள். போன கிழமை குலம் அண்ணை கூட்டிக்கொண்டு போனார். அதே வீடு. மேலும் கீழும் இத்தனை ஆண்டு வாடகைக்கு விட்டிருந்தவர் இப்போது விற்கப் போகிறார், தன் கொம்பனிக்கூடாகவே. படியால் இறங்கும்போது சுலோவின் கால் தானாகக் கடைசிப் படியில் நின்றது, முன்பு நிற்கிற மாதிரி, நிலம் காய்ந்திருக்கிறதா என்று பார்க்க. நிலத்தில் புதுப் பலகை. கூரையில் குட்டி குட்டி விளக்குகள். மூலையில் ஏதோ ஒன்று செருகி லவெண்டர் வாசம் வந்துகொண்டிருந்தது. "உனக்குத் தெரிஞ்ச வீடு, பிள்ளை. உன்ரை முதல் வியாபாரம் இதாத்தான் இருக்கவேணும். ராசியான வீடு. உங்கடை கிளினிக்கிலை ஒரு பிள்ளை வீடு தேடுதெண்டாய் எல்லே, அவளைக் கூட்டிக்கொண்டு வா." "அண்ணை, அந்தத் தண்ணி...?" "அது பழைய கதை. எல்லாம் திருத்தியாச்சு." அதைச் சொல்லும்போது அவர் அவளைப் பார்க்கவில்லை, ஒரு விளக்கைப் பார்த்தார், அது கொஞ்சம் மங்கலாக எரிகிறதோ என்று. பார்க்காமல் சொன்னால் பொய்யா? மனுசருக்கு விளக்கைப் பார்க்க உரிமை இல்லையா? அவர் போன் கதைக்க மேலே போனபோது சுலோ வீடு சூடாக்கும் இயந்திரத்துக்குப் பின்னால் கையை விட்டு, பலகை அடிக்காத சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். குளிர்ந்தது. ஈரமில்லை. குளிர்தான். ஆனால் எந்த பேஸ்மென்ற் சுவர்தான் குளிராது? எல்லாம் குளிரும். கையை எடுத்து மணந்து பார்த்தாள், லவெண்டர்.

திருத்தியிருப்பார். ஏன் திருத்தியிருக்க மாட்டார்? எத்தனை ஆண்டாயிற்று, எத்தனை வீடு விற்றவர், ஆட்களைத் தெரியாதா. மனம் என்ற பொல்லாத சாமான் அங்கே சமாதானமாகி இருந்துவிடும், பிறகு மெல்ல எழும்பிப் படியில் இறங்கிக் கடைசிப் படியில் வந்து நிற்கும். அண்ணை தன் ஏஜென்றுகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற முதல் பாடம் ஒன்று உண்டு. அதை சுலோவுக்கும் சொல்லித் தந்தார், அவள் கெட்டிக்காரி என்பதால் முன்கூட்டியே. "குசினியிலை தொடங்கு. வெளிச்சம் விழுற குசினியிலை அந்தப் பொம்பிளையைக் கொஞ்ச நேரம் தனிய விடு, கதைக்காதை. பேந்து மேலை, அறையள். பேஸ்மென்ற் கடைசி. அதுக்குள்ளை அவை மனசுக்குள்ளை கேர்ட்டின் போட்டு முடிச்சிடுவினம். பேந்து கீழை என்னத்தைக் கண்டாலும் கண்ணிலை பிடிக்காது." கேட்கும்போது சுலோ சிரித்தாள். உண்மைதானே, அவர்கள் இப்போது இருக்கிற வீட்டையும் அவர் அப்படித்தான் காட்டினார். குசினியில் வெயில் விழுந்தது, சுலோ அந்த இடத்திலேயே நின்று ஒரு மணிக்கொத்தை ஜன்னலில் தொங்கவிட்டாள், மனதுக்குள். அந்த வீட்டில் பிழையொன்றுமில்லை. நல்ல வீடு. அதுதான் சிக்கல். குலம் அண்ணை நல்ல வீடும் விற்பார், அதே வாயால், அதே சிரிப்போடு. ஆரணி அப்படிக் கதைக்கத் தெரியாத பெட்டை. இங்கேயே பிறந்தவள், சுலோவைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது குறைவாக இருக்கும், தமிழ் நொண்டி நொண்டி வரும். சுலோ அந்த மேல்மாடிக்குப் போய்க் கேட்ட அன்று அவள் முதலில் சொன்னது இதுதான்: "அன்ரி... சொறி, சுலோ. இஞ்சை உங்களுக்கு டெஸ்க் இல்லை. பிரிண்டர் சில நேரம் வேலை செய்யும்." சுலோ கேட்டாள்: "எனக்கு ஆர் சொல்லித் தருவினம்?" "நான். நான் இல்லாட்டி போன் பண்ணுங்கோ. எடுப்பன்." பிறகு பூஞ்சாடியைப் பார்த்து, அது செத்துக்கொண்டிருப்பதை அப்போதுதான் கண்டவள் மாதிரி எழும்பித் தன் குடிக்கிற தண்ணீரை அதற்கு ஊற்றினாள். ஊற்றிக்கொண்டே சொன்னாள்: "ஒரே ஒரு ரூல் இருக்கு. வீடு காட்டப் போனா முதல்லை பேஸ்மென்ற். கதவு திறந்து, ஷூ கழட்டி, நேரே கீழை. பேந்துதான் குசினி." "ஏன்?" என்று சுலோ கேட்டாள், தெரிந்துகொண்டே. "மேலை பாத்தா ஆசை வந்திடும்," என்றாள் ஆரணி. "ஆசை வந்தா சனம் பொய் சொல்லும். தனக்குத் தானே." அவ்வளவுதான்.

ஆனால் மருந்துக்கடைக்கு மேல்மாடி அடுத்த ஆண்டு இருக்குமா? அந்தப் பெட்டை கல்யாணம் கட்டி எங்காவது போய்விட்டால்? பச்சைப் பலகையைத் தமிழ்ச் சனத்தில் யாருக்குத் தெரியும்? சிவப்பென்றால் ஆட்கள் தேடி வருவார்கள், திருவிழாவில் தேர்ப்பந்தலில் இவள் படமும் அண்ணையின் படத்துக்குப் பக்கத்தில் இருக்கும், மச்சாள் எல்லோருக்கும் காட்டுவாள். பச்சையென்றால் அடுத்த பிறந்தநாள் வீட்டில் மகேன் எங்கே உட்காருவான்? அத்தானுக்குப் பக்கத்துக் கதிரையில்தான் அவன் எப்போதும் உட்காருவான். அங்கே போய் உட்காரவும் முடியாமல், வேறெங்கும் உட்காரவும் முடியாமல், கையில் கோப்பையோடு நிற்பான். அவன் அக்காவை அவனிடமிருந்து பிரிக்கிறாளா இவள்? ஒரு பின்சீலையின் நிறத்துக்காகவா? அப்படிப் பார்த்தால் விசயம் சின்னதாகிவிடுகிறது, சிரிப்பாகக்கூட இருக்கிறது. அங்கேதான் நினைவுக்குள் யோகா வந்துவிடுகிறாள். யோகேஸ்வரி, கிளினிக்கில் பல் வைத்தியருக்குப் பக்கத்தில் நின்று கருவிகளை எடுத்துக்கொடுக்கிறவள். மனுசன் விட்டுவிட்டுப் போனபின் தான் பெற்ற பெடியனோடும் தாயோடும் யாரோ வீட்டு பேஸ்மென்றில் இருக்கிறாள். எல்லோரும் ஏஜென்ற் பிடித்து வீடு வாங்குகிறபோது அவள் மட்டும் பொறுத்திருந்தாள். "நீங்கள் லைசன்ஸ் எடுங்கோ சுலோக்கா. உங்களிட்டைத்தான் வாங்குவன். நீங்கள் காட்டுறதைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்குவன்." கண்ணை மூடிக்கொண்டு. அவள் அன்பாகத்தான் சொன்னாள், மாஸ்க்கை நாடிக்கு இறக்கிவிட்டு. யோகா எல்லாம் திட்டம் போட்டு வைத்திருக்கிறாள்: தாய்க்கு முழங்கால் வலி, அடிக்கடி படி ஏறி இறங்கமாட்டா, ஆகவே தாயை பேஸ்மென்றிலேயே விடலாம், குளியலறையும் அங்கேயே இருந்தால் நல்லது, ஒரு சின்ன ஜன்னலாவது இருந்தால் மனுசிக்குப் பொழுது போகும். சின்ன ஜன்னல் இருக்கிறது, யோகா. சப்பாத்துக்கால் தெரியும். அணிலும் வரும். அந்தக் கிழவி கட்டிலில் படுத்தபடி தன் செருப்பு நகர்வதைப் பார்ப்பா, என்ன இது என்று. மழை கண்ணாடிக் கதவில் கோடு கோடாக இறங்குகிறது. இப்போது, இந்த நிமிசம், அங்கே அந்தப் புதுப் பலகைக்குக் கீழே என்ன நடந்துகொண்டிருக்கிறது? ஒன்றும் நடக்காமலிருக்கலாம். காய்ந்த நிலம், லவெண்டர், விளக்குகள். திருத்தியாயிற்று என்றார். சுலோ அதை ஒரு பிரார்த்தனை மாதிரிச் சொல்லிப் பார்த்தாள், திருத்தியாச்சு, திருத்தியாச்சு. உள்ளே அந்தப் பிள்ளையை நீர்வீழ்ச்சியிலிருந்து நகர்த்தி மயில் சீலைக்கு முன்னால் நிறுத்துகிறார்கள். தாய் பிள்ளையின் சேலைத் தலைப்பை இழுத்து இழுத்து விடுகிறாள். சுலோவுக்குக் கண் சொருகுகிறது. நித்திரைக்கும் விழிப்புக்கும் நடுவே பஸ் தரிப்பிட வாங்குகள் எல்லாம் வரிசையாகத் தண்ணீரில் மிதந்து போகின்றன, ஒவ்வொன்றிலும் ஒருவர் கையைக் கட்டிக்கொண்டு சிரித்தபடி, கடைசி வாங்கில் முகம் இன்னும் ஒட்டவில்லை.

போன் துடித்தது. தேவி மச்சாள். "படம் எடுத்தாச்சோ? சிவப்பு வடிவா இருக்கோ?" "இன்னும் இல்லை மச்சாள், உள்ளுக்கை ஒரு பிள்ளை நிக்குது." "தலை சீவி இழுத்தனியே? பொட்டுச் சின்னதா வை. எடுத்தவுடனை முதல்லை எனக்கு அனுப்பு, என்ன? அண்ணைக்குக் காட்டவேணும். அவர் இப்ப இஞ்சை இல்லை, பழைய வீட்டுக்குப் போயிட்டார்." "இந்த மழைக்கையோ?" "மழை எண்டபடியாத்தானே போனவர். அந்தப் பம்பைப் போட்டுவிட..." மச்சாளின் குரல் அங்கே நின்றது. வீட்டில் ரீவி ஓடுவது கேட்டது, யாரோ சிரித்தார்கள். "சும்மா, ஒருக்காப் பாத்துக்கொண்டு வரத்தான்," என்றாள் பிறகு, வேறு குரலில். சுலோவுக்கு ஆச்சரியமாகவே இருக்கவில்லை. உள்ளங்கை மட்டும் அந்தச் சுவரின் குளிரை நினைத்துக்கொண்டது. "மச்சாள், தண்ணி இப்பவும் வருதோ?" என்று கேட்டாள். கேட்ட குரல் தன்னுடையது என்று நம்ப முடியாத அளவுக்குச் சாதாரணமாக இருந்தது. மச்சாள் ஒரு பெருமூச்சு விட்டாள். "ஏன் சுலோ, நீயே வாங்கப் போறாய்?" அதில் விஷம் ஒரு துளியும் இல்லை. கருவேப்பிலை வாங்கினாயா என்று கேட்கிற அதே குரல். அதே மனுசிதான் அந்த வெள்ளத்துக்குப் பிறகு தன் கட்டிலை சுலோவுக்கு விட்டுக்கொடுத்துவிட்டுத் தான் நிலத்தில் பாய் போட்டுப் படுத்தாள், பிள்ளை பெற்ற உடம்பு இன்னும் ஆறவில்லை என்று. நல்ல மனுசி. நல்ல மனுசர். "இல்லை மச்சாள்," என்றாள் சுலோ. "பிறகென்ன? கெதியா எடுத்து அனுப்பு," என்று மச்சாள் வைத்துவிட்டாள். கண்ணுக்குள் குலம் அண்ணை தெரிந்தார். தனியாக, வயதான மனுசன், கால்சட்டையை முழங்கால்வரை சுருட்டிவிட்டு, குட்டி விளக்குகளின் கீழே குனிந்து பம்பின் வயரைத் தேடிக்கொண்டிருக்கிறார். இப்போது கூப்பிட்டாலும் வருவார். "ஒண்டுமில்லை பிள்ளை, தண்ணிதானே" என்று சொல்லிக்கொண்டு வருவார். அவளுக்கு அழுகை வந்தது. ஒருவர் உன்னைத் தண்ணீரிலிருந்து தூக்கிவிட்டார் என்பதற்காக இன்னொரு கிழவியை அதே தண்ணீருக்குள் படுக்க வைக்கலாமா? கேள்வி இவ்வளவு நேராக வந்து நின்றபின் ஒளிய இடம் இருக்கவில்லை.

சாமத்தியப் பிள்ளை பூவும் நகையுமாக வெளியே வந்து, நேரே அந்த வாங்கில் சுலோவுக்குப் பக்கத்தில் தொப்பென்று உட்கார்ந்து, "அம்மா பசிக்குது" என்றது. தாயும் தகப்பனும் அதை இடியப்பக் கடைக்கு நடத்திக்கொண்டு போனார்கள், சேலை நனையாமல் இரண்டு பக்கமும் தூக்கிப் பிடித்தபடி. சுலோ எழும்பி ஜக்கெற்றைக் கழற்றினாள். கைகளை உள்ளே மடித்து, தோளோடு தோள் சேர்த்து, கசங்காமல் நான்காக மடித்தாள். "தம்பி, ஒரு நல்ல பை இருக்கோ? இதைத் திருப்பிக் குடுக்கவேணும்." ஜெயந்தன் பையை எடுத்துத் தந்தான். அவளையும் பார்த்தான், பையையும் பார்த்தான். "ஜக்கெற் இல்லாமலோ அக்கா எடுக்கப் போறியள்? உந்தப் பிளவுஸோடையோ?" "ஓம்." "அப்ப பின்சீலை என்ன கலர்?" "பச்சை," என்றாள். சொன்னதும் ஒன்றும் இடிந்து விழவில்லை. அவன் மயிலைச் சுருட்டி மேலே ஏற்றிவிட்டுப் பச்சையை இறக்கினான், உருளை கிறீச்சிட்டது. விளக்குகளின் நடுவே ஒரு சின்னக் கதிரை. அதில் ஏறி உட்கார்ந்தாள். கதவு திறந்து திறந்து மூடியதில் உள்ளே மழைக்காற்று நிறைந்திருந்தது. மெல்லிய பிளவுஸ். குளிர் முதலில் தோளில் பிடித்தது, பிறகு நெஞ்சுக்கு வந்தது. நாளைக்குக் காலை கேக்கில் அவள் பெயரை எழுதி வைத்துக்கொண்டு காத்திருப்பார்கள். மகேன் ரொட்டியைப் பிய்ப்பான், பேசமாட்டான், எத்தனை நாள் என்று தெரியாது. யோகாவிடம் என்ன சொல்வது, எப்படிச் சொல்வது, குலம் அண்ணையின் பெயரைச் சொல்லாமல் அந்த வீட்டைப் பற்றி மட்டும் எப்படிச் சொல்வது? சொல்லவேண்டும். பயமாக இருந்தது, நல்ல பயம். கைகள் இரண்டும் தாமாகவே நெஞ்சுக்குக் குறுக்கே வந்து, ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்துக்கொண்டன. "ஆ, அப்பிடியே இருங்கோ!" என்றான் ஜெயந்தன் கமராவுக்குப் பின்னால் இருந்து. "மற்ற ஏஜென்ற் எல்லாருக்கும் நான் கையைக் கட்டச் சொல்லிக் குடுக்கவேணும். உங்களுக்குத் தானா வருது." குளிருது தம்பி என்று சொல்ல வாயைத் திறந்தாள், அதற்குப் பதிலாகச் சிரிப்பு வந்தது, வெளிச்சம் வெட்டியது. அவன் திரையைத் திருப்பிக் காட்டினான். பச்சைக்கு முன்னால் ஒரு பொம்பிளை, கண்ணில் இன்னும் ஈரம், தெத்துப்பல் முந்திக்கொண்டு வந்து நிற்கிறது. "நல்லா வந்திருக்கு அக்கா. இதை ஆருக்கு அனுப்ப?" "முதல்லை மச்சாளுக்கு," என்று சொல்லி, சுலோ தேவி மச்சாளின் இலக்கத்தை ஒவ்வொன்றாகச் சொன்னாள்.